கெமிஸ்ட்ரியைத் தாண்டிக் குதிக்காதீங்க: ப்ரீ-மெட் வீடுகளுக்கு ஒரு நீண்ட இழை

1/
அமெரிக்காவில் காலேஜ் சேரப்போற தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவங்க பெற்றோருக்கும் இந்த இழை. மெடிக்கல் ஸ்கூல் கனவு இருக்கிற வீடுகளில் ஒவ்வொரு கோடையிலும் இதே பேச்சுதான். கெமிஸ்ட்ரி கோர்ஸை எப்படி எடுக்கிறது? எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்? ஏபி மார்க்கை வச்சு எதைத் தாண்டலாம்? எதை சம்மர்ல தள்ளிடலாம்? கொஞ்சம் நீளமாவே எழுதறேன். பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கெமிஸ்ட்ரியை "சீக்கிரம் முடிச்சுத் தொலைக்க வேண்டிய" பாடமா நினைச்சு கோர்ஸ் எடுக்கிறதுதான் நம்ம வீடுகளில் நடக்கிற பெரிய தப்பு. எந்த வரிசையில், எவ்வளவு சுமையோட எடுத்தா பிள்ளைக்கு மண்டையில ஏறும்னு பாருங்க. கிரேடும் எம்கேட் மார்க்கும் அதுக்குப் பின்னாலதான் வரும்.

3/
ஊர்ல படிச்சு வந்த பெற்றோருக்கு முதல்ல ஒரு விளக்கம். நம்ம ஊர்ல ப்ளஸ் டூ முடிஞ்சதும் நீட். அதில் கெமிஸ்ட்ரி 45 கேள்வி, 180 மார்க். மொத்தம் 720-க்கு எவ்வளவுங்கிறதுதான் ஜாதகம். இங்க பெரும்பாலும் நாலு வருஷம் காலேஜ் முடிச்ச பிறகுதான் நாலு வருஷம் மெடிக்கல் ஸ்கூல். "ப்ரீ-மெட்" என்பது பெரும்பாலான காலேஜில் தனி டிகிரியே கிடையாது. எந்த மேஜரும் எடுக்கலாம். மெடிக்கல் ஸ்கூல் கேட்கும் கோர்ஸ்களை அதோட சேர்த்து முடிக்கணும்.

4/
அதனால நீட் மனநிலை இங்க உதவாது. அங்க ஒரே ஒரு நாள் தீர்மானிக்கும். இங்க ஏழெட்டு செமஸ்டர் சேர்ந்து தீர்மானிக்கும். ஒவ்வொரு கிரேடும் டிரான்ஸ்கிரிப்டில் நிக்கும். விண்ணப்பம் போடும்போது பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நாலையும் தனியா சேர்த்து ஒரு ஜிபிஏ போடுவாங்க. அதைத்தான் "சயின்ஸ் ஜிபிஏ"ன்னு சொல்றாங்க. ஒரே கோர்ஸை ரெண்டு தடவை எடுத்தா எம்.டி. ஸ்கூல் விண்ணப்பத்தில் ரெண்டு கிரேடும் கணக்கில் வரும். பழசு அழியாது.

5/
போட்டி எப்படின்னு தெரிஞ்சுக்கோங்க. சமீப வருஷங்களில் எம்.டி. ஸ்கூல்களுக்கு விண்ணப்பிக்கிறவங்க சுமார் 52,000 பேர். சேர்றவங்க சுமார் 23,000 பேர். சேர்றவங்களோட சராசரி ஜிபிஏ 3.8-ஐ ஒட்டி, எம்கேட் சராசரி 512-ஐ ஒட்டி (முழு மார்க் 528). இதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனா கெமிஸ்ட்ரியில் அவசரப்பட்டா எங்க அடி விழும்னு புரியணும்.

6/
வழக்கமான கெமிஸ்ட்ரி பட்டியல் இது:
ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர், லேபோட.
ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒண்ணு அல்லது ரெண்டு செமஸ்டர், லேபோட.
பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர்.
மொத்தம் நாலஞ்சு கோர்ஸ்தான். கேட்க சின்னதா இருக்கும். ஆனா ப்ரீ-மெட்னு சொல்லி காலேஜுக்குள்ள நுழையற பிள்ளைகளில் நிறைய பேர் வழி மாறுற இடம் இந்தப் பட்டியலோட முதல் பாதி.

7/
இது என் அனுமானம் மட்டும் இல்ல. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் பார் என்ற மருத்துவப் பேராசிரியர் இதை ஆராய்ஞ்சு 2008-ல் வெளியிட்டார். ப்ரீ-மெட் ஆர்வத்தோட வந்த மாணவர்களில் யாருக்கு ஆர்வம் குறையுது, ஏன் குறையுதுன்னு கேட்டார். முக்கியக் காரணமா வந்தது கெமிஸ்ட்ரி வகுப்பில் ஏற்பட்ட கசப்பான அனுபவம். ஒரு பிள்ளை டாக்டர் ஆகலாமா வேண்டாமா என்ற முடிவு, நோயாளி ஒருத்தரைக்கூடப் பார்க்கிறதுக்கு முன்னாடி, முதல் வருஷக் கெமிஸ்ட்ரி வகுப்பிலேயே நடந்து போயிடுது.

8/
சரி, டாக்டருக்கு எதுக்குங்க இவ்வளவு கெமிஸ்ட்ரி? இதுக்கு ஒரு வரலாறு உண்டு. 1893-ல் தொடங்கின ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஸ்கூல், அறிவியல் படிச்ச பட்டதாரிகளைத்தான் சேர்த்துக்கிச்சு. அப்போ அமெரிக்காவில் பள்ளிப்படிப்பே சரியா இல்லாம டாக்டர் பட்டம் வாங்கிடக்கூடிய இடங்கள் ஏராளம். 1910-ல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் நாடு முழுக்க மெடிக்கல் ஸ்கூல்களைச் சுற்றிப் பார்த்து எழுதின அறிக்கை, கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் அடித்தளம் இல்லாம யாரையும் சேர்க்கக்கூடாதுன்னு அழுத்திச் சொன்னது. நூறு வருஷம் தாண்டியும் அந்தச் சட்டகம்தான் நிக்குது.

9/
சட்டகம் நின்னாலும் உள்ளே மாற்றம் நடந்துட்டே இருக்கு. 2009-ல் மெடிக்கல் ஸ்கூல்களின் சங்கமான ஏஏஎம்சியும் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. "இத்தனை செமஸ்டர் இந்தக் கோர்ஸ்"னு எண்ணாதீங்க, மாணவருக்கு என்ன தெரியணும்னு பாருங்க என்பது அதன் சாரம். 2015-ல் புது எம்கேட் வந்தது. அதில் பயோகெமிஸ்ட்ரிக்குப் பெரிய இடம் கிடைச்சது. நம்ம வாட்ஸ்அப் குரூப் அறிவுரைகள் இன்னும் 2015-க்கு முன்னாடியே நிக்குது.

10/
ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எம்கேட்டில் ரெண்டு அறிவியல் பிரிவுகளில் கெமிஸ்ட்ரி வரும். ஒவ்வொண்ணிலும் 59 கேள்வி. ஏஏஎம்சி சொல்ற விகிதப்படி:
கெமிஸ்ட்ரி-பிசிக்ஸ் பிரிவில் ஜெனரல் 30%, ஆர்கானிக் 15%, பயோகெமிஸ்ட்ரி 25%.
பயாலஜி பிரிவில் ஜெனரல் 5%, ஆர்கானிக் 5%, பயோகெமிஸ்ட்ரி 25%.
கேள்வியா மாத்தினா: ஜெனரல் சுமார் 21, ஆர்கானிக் சுமார் 12, பயோகெமிஸ்ட்ரி சுமார் 30.

11/
அந்த மூணு எண்ணையும் திரும்பப் பாருங்க. ஒரே செமஸ்டர் படிக்கிற பயோகெமிஸ்ட்ரிக்கு 30 கேள்வி. முழு வருஷம் தூக்கத்தைக் கெடுக்கிற ஆர்கானிக்குக்கு 12. பாதிப் பேர் "ஈஸிதானே"ன்னு தாண்டிட்டுப் போற ஜெனரல் கெமிஸ்ட்ரிக்கு 21. ஆனா நம்ம வீடுகளில் பயம் முழுக்க ஆர்கானிக் மேல, அலட்சியம் முழுக்க ஜெனரல் மேல. பயோகெமிஸ்ட்ரியோ கடைசி நேரத்தில் எங்கயாவது செருகப்படும். தலைகீழா இருக்கு.

12/
உடனே "அப்ப ஆர்கானிக் வேண்டாம்தானே டாக்டர்"னு கேட்காதீங்க. எம்கேட் மட்டும் அளவுகோல் கிடையாது. ஆஸ்பத்திரியில தினமும் எனக்கு இந்த மூணும் எப்படி வேலைக்கு வருதுன்னு சொல்றேன். அப்பதான் எந்தக் கோர்ஸில் எதை விடக்கூடாதுன்னு உங்களுக்குப் பிடிபடும்.

13/
ஜெனரல் கெமிஸ்ட்ரி: ரத்தத்தில் பைகார்பனேட் 24, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40. 40-ஐ 0.03-ஆல் பெருக்கினா 1.2. 24-ஐ 1.2-ஆல் வகுத்தா 20. அதன் லாகரிதம் 1.3. அதோட 6.1 கூட்டினா 7.4. இதுதான் நம்ம ரத்தத்தின் பிஹெச். முதல் வருஷ பஃபர் பாடத்தில் வர ஹெண்டர்சன்-ஹாசல்பாக் சமன்பாடு இதேதான். ஐசியூவில் மூச்சுத் திணறலோட வர்றவர் ரிப்போர்ட்டைப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பாடம் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும்.

14/
இன்னொண்ணு. சோடியம் 140, குளோரைடு 100, பைகார்பனேட் 10. 140-லிருந்து மற்ற ரெண்டையும் கழிச்சா 30. சாதாரணமா பத்தை ஒட்டி இருக்கணும். மிச்சம் 20 எங்கிருந்து வந்தது? நேர்மின்னும் எதிர்மின்னும் சமமா இருந்தாகணும் என்பது ஜெனரல் கெமிஸ்ட்ரி. அப்போ கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு அமிலம் உள்ளே இருக்கு. சர்க்கரை நோயில் கீட்டோன், செப்சிஸில் லாக்டேட், தப்பான சாராயத்தில் மெத்தனால். உயிர் போற விஷயத்தைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு கழித்தல்.

15/
ஆர்கானிக்: அமெரிக்க வீடுகளில் டைலெனால் இருக்கும், ஊர்ல நாம பாராசிட்டமால்னு சொல்றது அதேதான். அளவுக்கு மீறிச் சாப்பிட்டா கல்லீரலில் நாப்கி என்ற எலக்ட்ரான் பசியுள்ள மூலக்கூறு உருவாகும். குளூட்டத்தயோனில் இருக்கிற கந்தகம் எலக்ட்ரான் கொடுத்து அதை அடக்கும். குளூட்டத்தயோன் தீர்ந்துட்டா நாப்கி கல்லீரல் செல்களையே பிடிச்சுக்கும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் செய்யறது குளூட்டத்தயோனை மறுபடி நிரப்புறது. நியூக்ளியோஃபைல், எலக்ட்ரோஃபைல்னு பிள்ளைங்க அம்புக்குறி போட்டுட்டு இருக்காங்களே, அது இதுதான்.

16/
பெனிசிலின் வேலை செய்யறது அதில் உள்ள நாலு பக்க வளையம் இறுக்கத்தில் இருப்பதால. ஆஸ்பிரின் மாரடைப்பில் உதவுறது பிளேட்லெட்டில் ஒரு என்சைமில் நிரந்தரமா ஒரு அசிட்டைல் துண்டை ஒட்டிவிடுறதால. ஆர்கானிக் படிச்ச பிள்ளைக்கு இது ரெண்டும் கதை மாதிரி மனசுல நிக்கும். மனப்பாடம் பண்ணின பிள்ளைக்கு இன்னும் ரெண்டு வரி சுமை. பயோகெமிஸ்ட்ரி பத்தி தனியா சொல்லவே வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல் முதல் வருஷத்தில் பாதி நேரம் அதைச் சுத்தித்தான்.

17/
இப்போ கோர்ஸ் தேர்வுக்கு வருவோம். முதல் கேள்வி: ஏபி கெமிஸ்ட்ரியில் 5. ஜெனரலைத் தாண்டலாமா?
காலேஜ் க்ரெடிட் கொடுக்கும். ஆனா மெடிக்கல் ஸ்கூல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்ல. சில ஏத்துக்கும். சில ஏத்துக்காது. சில, "தாண்டினா பரவாயில்லை, அதுக்குப் பதிலா மேல்நிலைக் கெமிஸ்ட்ரி கோர்ஸ் எடுத்துக் காட்டு"ன்னு சொல்லும். அப்படிச் சொன்னா நீங்க மிச்சம் பிடிச்சது ஒண்ணுமே இல்ல.

18/
அதோட ஏபி மார்க் ஜிபிஏவில் ஏறாது. காலேஜில் ஜெனரல் எடுத்து "ஏ" வாங்கினா ஏறும்.
இன்னொரு விஷயமும் இருக்கு. தாண்டினா உங்க பொண்ணோட முதல் காலேஜ் அறிவியல் வகுப்பே ஆர்கானிக்கா இருக்கும். பக்கத்துல உட்கார்றவங்க பெரும்பாலும் ரெண்டாம் வருஷம். அவங்களுக்கு காலேஜ் பரீட்சை பழகியாச்சு. உங்க பொண்ணுக்கு இன்னும் டார்ம் சாப்பாடே பழகல. ஆழம் தெரியாம காலை விடுறதுன்னா இதுதான்.

19/
அதுக்காக யாருமே தாண்டக்கூடாதுன்னு சொல்லல. ஒரு சோதனை சொல்றேன். சேரப்போற காலேஜில் ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டாம் செமஸ்டரோட பழைய ஃபைனல் வினாத்தாள் கிடைக்குதான்னு பாருங்க. பல டிபார்ட்மெண்ட்டில் கிடைக்கும். நோட்டைத் திறக்காம, நேரம் வச்சு எழுதச் சொல்லுங்க. தைரியமா எழுதி முடிச்சா தாண்டட்டும். பஃபர், ஈக்விலிப்ரியம், எலக்ட்ரோகெமிஸ்ட்ரி வந்ததும் பேனா நின்னா கோர்ஸ் எடுக்கட்டும். ஏபி பரீட்சை பத்தாவதிலோ பதினொண்ணாவதிலோ எழுதினதா இருந்தா இந்தச் சோதனை கண்டிப்பா வேணும்.

20/
ரெண்டாவது கேள்வி: ஹானர்ஸ் செக்ஷன் எடுக்கணுமா?
கெமிஸ்ட்ரி பிடிச்சிருந்தா எடுக்கட்டும். "ஹானர்ஸ்னு இருந்தா மெடிக்கல் ஸ்கூல் மதிக்கும்"ங்கிற கணக்கில் எடுக்க வேண்டாம். சாதாரண செக்ஷனில் வாங்குற "ஏ"வும் ஹானர்ஸில் வாங்குற "பி"யும் ஒண்ணா எடை போடப்படும்னு நம்பாதீங்க. ஜிபிஏ கணக்கில் 4.0, 4.0-தான். 3.0, 3.0-தான்.
அதே மாதிரி, அடித்தளம் பலமில்லைன்னா சில காலேஜ்களில் அறிமுக வகுப்பு ஒண்ணு இருக்கும். அதில் சேர்றது அவமானம் இல்ல.

21/
மூணாவது: முதல் செமஸ்டரில் கூட என்ன எடுக்கிறது?
கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ், ரெண்டு லேப்... நிறைய பிள்ளைங்க ஷெட்யூலைப் பார்த்திருக்கேன், இப்படித்தான் இருக்கும். லேப் ஒரு க்ரெடிட்னு போட்டிருக்கும், வாரத்துல மூணு நாலு மணி நேரத்தைச் சாப்பிட்டுடும், ரிப்போர்ட் எழுதற நேரம் தனி. என் யோசனை: முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரியும் கூட ஒரே ஒரு கனமான பாடமும். மிச்சத்துக்கு எழுத்து, வரலாறு, மொழி எதையாவது எடுக்கட்டும். எம்கேட்டில் வாசிப்புப் பிரிவு ஒண்ணு தனியா இருக்கு, மறந்துடாதீங்க.

22/
நாலாவது: ஆர்கானிக்கை சம்மரில் முடிச்சிடலாமா?
வழக்கமான செமஸ்டர் 15 வாரம். சம்மரில் அதே பாடத்தை அஞ்சாறு வாரத்தில் ஓட்டுவாங்க. ஆர்கானிக் என்பது கையால எழுதி எழுதி, தப்பு பண்ணி, தூங்கி எழுந்து மறுபடி எழுதிப் பழகுற பாடம். அந்தத் தூங்கி எழுற இடைவெளிகளைத்தான் சம்மர் பிடுங்கிக்குது. அவசரத்துல அண்டாவுக்குள்ள கை நுழையாதுன்னு சும்மாவா சொன்னாங்க. எடுத்தே ஆகணும்னா அந்த சம்மரில் வேற வேலை, ரிசர்ச், ஊர்ப் பயணம் எதுவும் வேண்டாம்.

23/
கம்யூனிட்டி காலேஜ்? பணக் கஷ்டத்தில் அங்க எடுக்கிறவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல மெடிக்கல் ஸ்கூல்கள் ஏத்துக்கும். சில ஸ்கூல்கள் நாலு வருஷக் காலேஜில் எடுத்ததை விரும்பும். கஷ்டமான கோர்ஸை மட்டும் தேடிப்போய் வெளியே எடுத்த மாதிரி டிரான்ஸ்கிரிப்ட் தெரிஞ்சா கேள்வி வரலாம். அங்கேயே ரெண்டு வருஷம் படிச்சு மாறி வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கவலை தேவையில்லை. அவங்க அடுத்த கெமிஸ்ட்ரியை புதுக் காலேஜில் நல்லாப் பண்ணிக் காட்டினா போதும்.

24/
அஞ்சாவது: ஆர்கானிக் ரெண்டாம் செமஸ்டர் வேணுமா?
இப்போ பல மெடிக்கல் ஸ்கூல்கள் ஒரு செமஸ்டர் ஆர்கானிக், ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி போதும்ங்குது. சில இன்னும் ரெண்டு செமஸ்டர் ஆர்கானிக் கேட்குது. சில காலேஜில் பயோகெமிஸ்ட்ரிக்குள்ள நுழையவே ஆர்கானிக் ரெண்டும் முடிச்சிருக்கணும். அதனால பக்கத்து வீட்டுப் பையன் என்ன பண்ணினான்னு பார்த்து முடிவெடுக்காதீங்க. ஏஏஎம்சி நடத்துற எம்எஸ்ஏஆர் தளத்தில் ஒவ்வொரு ஸ்கூலோட தேவையும் இருக்கு. உங்க மாநில ஸ்கூல்களை முதல்ல பாருங்க.

25/
வரிசையும் கல்லில் செதுக்கினது இல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிறைய மாணவர்கள் முதல் வருஷத்திலேயே ஆர்கானிக்கில் தொடங்குவாங்க. அங்க பாடத்தையே அதுக்கு ஏத்த மாதிரி அமைச்சிருக்காங்க. வேற காலேஜில் அதைப் பார்த்து காப்பி அடிச்சா ஒத்து வராது. உங்க காலேஜ் எந்த வரிசைக்கு வகுப்பை அமைச்சிருக்கோ அதுதான் உங்க வரிசை.

26/
பெரும்பாலானவங்களுக்கு ஒத்து வர்ற திட்டம்:
முதல் வருஷம் ஜெனரல் ரெண்டும்.
ரெண்டாம் வருஷம் ஆர்கானிக்.
மூணாம் வருஷம் ஃபாலில் பயோகெமிஸ்ட்ரி.
அது மண்டையில சூடா இருக்கும்போதே, அடுத்த ஸ்ப்ரிங்கில் அல்லது கோடையில் எம்கேட்.
பயோகெமிஸ்ட்ரி முடிக்காம எம்கேட் எழுதுறதை மட்டும் தயவுசெஞ்சு தவிருங்க. 30 கேள்வியை புத்தகம் பார்த்து ஒப்பேத்துறது கஷ்டம். ஒரு வருஷம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. இப்போ மெடிக்கல் ஸ்கூல் சேர்றவங்களில் பாதிக்கும் மேல் காலேஜ் முடிச்சு ஒரு வருஷமாவது இடைவெளி விட்டு வர்றவங்கதான்.

27/
இங்க ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "டாக்டர், எங்க பையன் ஹெச்-4. 21 வயசு ஆனா ஸ்டேட்டஸ் போயிடும். மெதுவா போன்னு சொல்றது உங்களுக்கு சுலபம்."
உண்மைதான். கிரீன் கார்டு வரிசையில் நிக்கிற குடும்பத்துக்கு ஒவ்வொரு வருஷமும் காசு, ஒவ்வொரு வருஷமும் பயம். எஃப்-1க்கு மாறின பிள்ளைகளை எடுக்கிற மெடிக்கல் ஸ்கூல்களும் குறைவு. ஆனா அந்தக் காரணத்துக்காகத்தான் கிரேடு இன்னும் முக்கியம். சில ஸ்கூல்களுக்கு மட்டுமே விண்ணப்பிக்க முடியும்ங்கிற பிள்ளைக்கு, அவசரத்தில் வாங்கின "சி" மற்றவங்களைவிட அதிகமா வலிக்கும். இந்த வீடுகள் காலேஜ் சேரும்போதே அட்வைசரோடயும் குடியேற்ற வக்கீலோடயும் சேர்த்துப் பேசித் திட்டம் போடணும்.

28/
இன்னொரு எதிர்ப்பு: "கஷ்டமான கோர்ஸ்தானே வடிகட்டணும்? சுலபமாக்கினா டாக்டர் தரம் என்னாகும்?"
2022-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இந்தச் சண்டை நாடு முழுக்கப் பேசப்பட்டது. மெய்ட்லண்ட் ஜோன்ஸ், ஆர்கானிக் பாடநூல் எழுதின மூத்த பேராசிரியர். அவர் வகுப்பின் 350 பேரில் 82 பேர் மனு கொடுத்தாங்க. பல்கலைக்கழகம் அவர் ஒப்பந்தத்தை முடிச்சுடுச்சு. மாணவர்களின் கவனமும் படிக்கிற பழக்கமும் சரிஞ்சுபோச்சுன்னு அவர் பக்கம். உழைப்புக்கு ஏத்த கிரேடும் உதவியும் கிடைக்கலன்னு மாணவர் பக்கம்.

29/
என் நிலைப்பாடு: பாடம் கஷ்டமா இருக்கலாம், இருக்கணும். நாளைக்கு அந்தப் பிள்ளை கையில ஒரு உயிர் இருக்கப் போகுது. ஆனா கஷ்டமான பாடத்தைத் தப்பான நேரத்தில், தப்பான சுமையோட எடுத்துத் தோத்தா அது தரத்தைக் காட்டாது, ஷெட்யூலைத்தான் காட்டும். அதனால ஈஸியான பேராசிரியரைத் தேடாதீங்க. பழைய வினாத்தாள் கொடுக்கிறவரா, ஆபீஸ் அவர்ஸில் பதில் சொல்றவரா, மாணவர்களே நடத்துற ப்ராப்ளம் செஷன் இருக்கான்னு பாருங்க.

30/
அப்பா அம்மாவுக்கு ஒண்ணு. நாம சென்டம் பார்த்து வளர்ந்த கூட்டம். முதல் மிட்-டெர்மில் பொண்ணு 61ன்னு சொன்னதும் "61-ஆ!"ன்னு வாயில வந்துடும். அடக்குங்க. வகுப்பு சராசரி என்னன்னு முதல்ல கேளுங்க. சராசரி 52-ஆ இருந்து கர்வ் போடுற வகுப்பா இருந்தா 61 நல்ல மார்க். ஸ்கூலில் 98க்குக் குறையாத பிள்ளைக்கு அதுவே பெரிய அடியா இருக்கும். அந்த போன் காலில் நீங்க பேசுற ரெண்டு நிமிஷம், அந்தப் பிள்ளை அடுத்த பரீட்சைக்கு உதவி கேட்டுப் போகுமா, இல்ல யார்கிட்டயும் சொல்லாம மறைக்குமான்னு தீர்மானிக்கும்.

31/
தம்பி, தங்கைகளே, உங்களுக்கு ஒரு கணக்கு. 40 க்ரெடிட் சயின்ஸ், அதில் ஒரு 4 க்ரெடிட் கோர்ஸில் "சி", மிச்சம் எல்லாம் "ஏ". சயின்ஸ் ஜிபிஏ 3.8. கதை முடியல. அந்தக் கோர்ஸையே மறுபடி எடுத்து "ஏ" வாங்கினா 3.82. அதே நாலு க்ரெடிட்டில் வேற சயின்ஸ் எடுத்து "ஏ" வாங்கினாலும் அதே 3.82. அதனால "சி"யை திரும்ப எடுக்கிறதைவிட பயோகெமிஸ்ட்ரியில் பின்னிக் காட்டுறது மேல். "சி மைனஸ்" அல்லது அதுக்குக் கீழன்னா வேற விஷயம். பல ஸ்கூல்கள் அதைத் தேறினதா எடுத்துக்காது, மறுபடி எடுத்தாகணும்.

32/
ஒரு கோர்ஸ் கை நழுவுதுன்னு தெரிஞ்சா ட்ராப் பண்ணக் கடைசித் தேதியை காலண்டரில் குறிச்சு வைங்க. டிரான்ஸ்கிரிப்டில் ஒரே ஒரு "டபிள்யூ" ஜிபிஏவைத் தொடாது. "டி" தொடும். ஆனா அந்தத் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பேராசிரியரைப் போய்ப் பாருங்க. போறதுக்கு வெட்கப்படாதீங்க. கேள்வி கேட்கத் தெரிஞ்ச ரெசிடெண்ட்தான் ராத்திரி 3 மணிக்கு எங்களைக் கூப்பிட்டு நோயாளியைக் காப்பாத்துவாங்க. தெரிஞ்ச மாதிரி நடிக்கிறவங்களைப் பார்த்தாத்தான் எங்களுக்குப் பயம்.

33/
சுருக்கமா:
ஜெனரலை அலட்சியப்படுத்தாதீங்க.
ஆர்கானிக்கை வழக்கமான செமஸ்டரில், கூட்டமில்லாத ஷெட்யூலில் எடுங்க.
பயோகெமிஸ்ட்ரியை எம்கேட்டுக்கு முன்னாடி முழுசா முடிங்க.
ஸ்கூல் தேவைகளை எம்எஸ்ஏஆரில் நீங்களே பாருங்க.
முதல் மிட்-டெர்மை வச்சு யாரும் யாருடைய வாழ்க்கையையும் முடிவு பண்ணாதீங்க.

34/
ஃபால் பதிவுக்கு முன்னாடி இந்த இழையை வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து படிங்க. ஷெட்யூலைப் பிள்ளை போடட்டும், நீங்க கேள்வி மட்டும் கேளுங்க. சந்தேகம் இருந்தா எந்தக் காலேஜ், எந்த மாநிலம்னு சொல்லிக் கீழே கேளுங்க. நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். ப்ரீ-மெட் பிள்ளை இருக்கிற வேற வீடு தெரிஞ்சா அவங்களுக்கும் அனுப்பிடுங்க.